இரண்டு தடவை சொன்ன சொல்

அந்த வரி வந்ததும் மிக்கேலம்மாளின் வாய் நின்றது. கூடச் சொன்ன இரண்டு பெண்களின் குரல் அந்த இடத்தைத் தாண்டிப் போய் ஆமென் என்று முடிந்தது. அடுத்து வந்த மங்கள வார்த்தை செபத்தில் அவளும் சேர்ந்துகொண்டாள். பத்து மணிகள் விரலில் உருண்டன. மறுபடி பரலோக மந்திரம், மறுபடி அதே வரி. எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் பொறுத்துவிட்டோம் என்று கடவுளிடம் ஒப்புக்கொள்கிற வரி. ஐந்து முறையும் அவள் அங்கே நின்றாள்.

செபமாலை முடிந்து மற்ற இரண்டு பெண்களும் எழுந்து போனார்கள். அமலோர்பவம் போகவில்லை. கான்ட்ராக்ட் ஆட்கள் குடியிருந்த அந்த லைனில் இருந்த நான்கு கத்தோலிக்க வீடுகளுக்கும் செபத்தை முன்னால் சொல்கிறவள் அவள்தான். கடலூர்க்காரி. முதல் பாதியை அவள் சொல்வாள், மறுபாதியை மற்றவர்கள் சொல்லவேண்டும். யார் விழுங்கிச் சொல்கிறார்கள் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடுவாள்.

"என்னா மிக்கேலு, நாக்கு சுளுக்கிக்கிச்சா?"

"இல்லக்கா."

"அஞ்சு தபா பாத்துட்டேன். அந்த எடம் வந்தா மட்டும் வாய மூடிக்கிற. மாதாவ வூட்டுல வச்சிக்கினு இப்பிடிப் பண்ணலாமா?"

"வரல. வராதத எப்படிச் சொல்ல?"

"சொல்லச் சொல்ல வரும்."

"மாதா முன்னால பொய் சொல்லச் சொல்லுதியளாக்கா?"

அமலோர்பவம் இரண்டு வீடுகளுக்கும் பொதுவான சுவரைப் பார்த்தாள். ஒற்றைச் செங்கல் சுவர். ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் தொடாமல் ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்ட சுவர். அந்தப் பக்கம், மிக்கேலம்மாளின் புருஷனோடு வேலை செய்த பாவாடையின் வீடு. அந்தப் பக்கத்தில் யாரோ இருமினார்கள். அமலோர்பவம் குரலைத் தாழ்த்தினாள்.

"நாளைக்கு சாயங்காலம் சொரூபம் உன் கையால அடுத்த வூட்டுக்குப் போவணும். மறந்துடாத."

அக்டோபர் மாதம் முழுக்க அப்படித்தான். சாண் உயர மாதா சொரூபம் ஒன்று நான்கு வீடுகளையும் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்த வீட்டில் இருக்கிறதோ, அந்த வீட்டுக்காரிதான் தன் கையால் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டில் வைக்கவேண்டும். வேறு யாரும் வந்து எடுத்துக்கொண்டு போவதில்லை.

மிக்கேலம்மாளும் அவள் புருஷன் இஞ்ஞாசியும் ஐம்பத்தொன்பதில் நெய்வேலிக்கு வந்தவர்கள். தெற்குக் கோடியில் இருக்கிற வடக்கன்குளத்தில் இஞ்ஞாசி பனை ஏறிக்கொண்டிருந்தான். ஒரே பிள்ளை, பால் குடிக்கிற வயதிலேயே போய்விட்டது. அதற்குப் பிறகு மரத்தில் ஏறினால் கை நடுங்குகிறது என்றான். பூமியைத் தோண்டிக் கரி எடுக்கிறார்கள், ஊரே புதிதாகக் கட்டுகிறார்கள், ஆள் போதவில்லை என்று யாரோ சொல்ல, ரயிலேறி வந்தார்கள். ஒரு கான்ட்ராக்ட்காரரின் ஜல்லி மில்லில் அவனுக்கு வேலை கிடைத்தது. பர்மனென்ட் ஆகவில்லை. ஆகும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடைய பெயர் இந்த ஊர்க்காரர்களின் வாயில் நுழையவில்லை. எனாசி என்றார்கள். பக்கத்து வீட்டுப் பாவாடை 'எனாசி மாமா' என்று கூப்பிட்டு, பீடியைப் பாதியாகப் பிய்த்துக் கொடுப்பான். இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்டு. ஒரே தூக்குச்சட்டியில் குழம்பு கொண்டுபோன நாட்களும் உண்டு.

இந்த ஆகஸ்டில், மாதா திருநாளுக்கு மறுநாள், ஜல்லி ஏறும் பெல்ட்டில் கல் சிக்கிக்கொண்டது. பெல்ட்டை நிறுத்திவிட்டு இஞ்ஞாசி உருளைக்குக் கீழே கையை விட்டுக் கல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். சுவிட்சு இருந்தது முப்பது அடி தள்ளி, தகரக் கொட்டகைக்குள். அங்கிருந்து பார்த்தால் பெல்ட்டின் தலைதான் தெரியும், அடியில் நிற்கிற ஆள் தெரியாது. அதனால் கீழே இருக்கிறவன் கத்துவான், கொட்டகையில் இருக்கிறவன் சுவிட்சைப் போடுவான். அன்று கொட்டகையில் இருந்தவன் பாவாடை. பெல்ட் ஓடியது. இஞ்ஞாசியைக் கையோடு தோள்வரை இழுத்துக்கொண்டது.

விசாரணைக்கு வந்தவர் கேட்டபோது பாவாடை சொன்னான்: "அவுருதாங்க போடுன்னாரு. ரெண்டு தபா சொன்னாரு. போடு, போடுன்னு."

கையை உருளைக்குள் விட்டுக்கொண்டு எந்த மனுஷனாவது போடு என்பானா? கேட்டவர்கள் எல்லாரும் அதையேதான் கேட்டார்கள். செத்தவன் தலையில் போட்டுத் தப்பித்துக்கொள்கிறான் என்றார்கள். மில்லில் அவனோடு யாரும் பேசவில்லை. பிறகு அவனே வேலைக்குப் போகவில்லை.

சுவிட்சைப் போட்டதை மிக்கேலம்மாள் ஒருவேளை பொறுத்திருப்பாள். கை தவறியது, காது கேட்கவில்லை, பார்க்காமல் போட்டுவிட்டேன் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டு அவன் வாசலில் வந்து நின்றிருந்தால் போதும். இஞ்ஞாசியே தன்னைக் கொன்றுகொண்டான் என்று சொன்னானே, அதைத்தான் அவளால் தாண்ட முடியவில்லை.

மறுநாள் காலையில் குழாயடியில் பாவாடையின் பெண்சாதி வீராயி நின்றிருந்தாள். இரண்டு மாதமாக இருவரும் பேச்சு கிடையாது. ஒருத்தி வந்தால் மற்றவள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகிப்போவாள். அன்று வீராயி விலகவில்லை.

"யக்கா, ஒண்ணு கேக்கணும்."

மிக்கேலம்மாள் குடத்தைக் குழாய்க்கடியில் வைத்தாள்.

"நாளைக்கு நாங்க முத்தாண்டிக்குப்பம் போறோம். அவுங்க அண்ணன் வூடு. வூட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. போறதுக்கு முன்ன, இன்னிக்கு ஒரு பொழுது மாதா எங்க வூட்டுல இருக்கட்டும்க்கா."

"எங்க சாமி ஒங்களுக்கு என்னத்துக்கு?"

"எங்க சாமி எல்லாத்தையும் கேட்டாச்சு. ஒண்ணும் வாயத் தெறக்கல."

மிக்கேலம்மாளுக்குச் சிரிப்பு வந்திருக்கும், வேறு நாளாக இருந்தால்.

"அவுரு சோறு துன்னு எட்டு நாளாவுதுக்கா. கஞ்சி ஊத்தினா கடவாயில வழியுது. நீங்க சாபம் வுடுறீங்கன்னு சொல்றாரு. மாதா உங்க வூட்டுக்கு வர்ற அன்னிக்கெல்லாம் உங்க கொரலு ஒரு எடத்துல மட்டும் நிக்குதாமே. அங்க மனசுக்குள்ள எனக்குச் சாபம் வுடுதுன்னு எண்ணிக்கினே இருக்காரு. நேத்து அஞ்சு தபாவாம். இப்பிடியே போனா ஊரு போயி சேர மாட்டாருக்கா."

"சாபம் ஒண்ணும் விடல."

"அத நீங்க வந்து சொன்னா போதும்."

"பொய் சொன்ன வீட்டுக்கு மாதா வரமாட்டா," என்றாள் மிக்கேலம்மாள். குடம் நிரம்புவதற்கு முன்னாலேயே எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அவள் இப்போது சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். டவுன்ஷிப்பில் பதினாறாவது பிளாக்கில் குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். கலவை மிஷின் காலை முதல் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து ஊரான வடக்குத்துக்காரன் தனகோட்டி சாரத்தின் மேல் நின்றுகொண்டு பலகைகளைக் கழற்றிக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். அவள் கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தாள். சும்மாடு சரிந்தது. சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மேலே தனகோட்டியின் கையில் பலகை ஆடியது.

"பொறு! பொறு!" என்று கத்தினாள்.

பலகை வந்தது. தலைக்கு நேராக வந்தது சாரக்கட்டையில் பட்டுத் திரும்பி அவள் குதிகாலைச் சீவிக்கொண்டு விழுந்தது. சட்டி உருண்டது. தனகோட்டி குரங்குபோல இறங்கி ஓடிவந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. பயத்தில் கோபம் வந்தது அவனுக்கு.

"ஒரு உசுர என் தலையில ஏத்திவைக்கப் பாத்தியேம்மா! கீழ நின்னுகினு போடு போடுன்ற!"

"போடுன்னு எங்க சொன்னேன்? பொறுன்னேன்."

"என்னாது?"

"பொறு. பொறுன்னு கத்தினேன்."

"அப்பிடின்னா?"

"கொஞ்சம் நில்லுன்னு."

"அதுக்கு இருன்னு சொல்லணும். நில்லுன்னு சொல்லணும். வலி பொறுக்கல, பசி பொறுக்கல, அதெல்லாம் எங்களுக்கும் தெரியும். பலகையத் தூக்கிக்கினு நிக்கிறவன் கிட்ட எவனாவது பொறுன்னுவானா? இந்த மிஷின் சத்தத்துல எனக்குப் போடுன்னுதான் வுழுந்துச்சி. நல்ல ஊரும்மா உங்க ஊரு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தப்பித்துக்கொண்டதற்கான சிரிப்பு. மிக்கேலம்மாள் மணல் குவியலில் உட்கார்ந்தாள். குதிகாலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதனால்தான் உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்து மேஸ்திரி அன்றைக்குப் போகச் சொல்லிவிட்டார்.

பாதையோரம் சுரங்கத்திலிருந்து இறைக்கிற தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. இரவும் பகலும் நிற்காத தண்ணீர். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அவள் காலை அதில் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

பாவாடை பொய் சொல்லவில்லை. காதில் விழுந்ததைச் சொன்னான். முதலில் அவளுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. ஓடிப்போய்ச் சொல்லிவிடவேண்டும் என்று இருந்தது. 'அண்ணே, நீங்க பொய் சொல்லல. அவிய போடுன்னு சொல்லல, பொறுன்னு சொன்னாவ. ஒங்களுக்கு அப்படிக் கேட்டிருக்கு.' ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். எழுந்துவிட்டாள்.

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

அவன் இதுநாள்வரை, மாமா போடச் சொன்னார், போட்டேன் என்று இருக்கிறான். ஊரே பொய் என்றாலும் அவனுக்குள் அது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டுதான் உயிர் கிடக்கிறது. இப்போது அவள் போய்ச் சொன்னால், நில் நில் என்று ஒருவன் இரண்டு தடவை கெஞ்சியபோது நான் சுவிட்சைப் போட்டேன் என்று ஆகிவிடும். அவள் மனதை ஆற்றுகிற அதே சொல் அவனைத் தின்றுவிடும்.

பொறு என்பது இஞ்ஞாசியின் சொல். பசிக்கிறது என்றால் பொறு. காலரா ஊசி போடவேண்டும் என்றால் பொறு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அழுதபோதும் பொறு. "ஒமக்குப் பொறு பொறுன்னே ஆயுசு போயிரும்," என்று அவள் எத்தனையோ தடவை ஏசியிருக்கிறாள். இந்த ஊரில் அது செல்லாது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

அப்படியும் கோபம் தீர்ந்தபாடில்லை. காதில் விழுந்தது சரி, ஒரு எட்டு வெளியே வந்து பார்த்திருக்கலாமே. தெரியாமல் செய்தது என்று கழித்துவிட்டுப் பார்த்தாலும் இஞ்ஞாசி திரும்பி வரவில்லை. வெறுப்பதற்கு இருந்த ஒரு காரணமும் போய்விட்டது, வெறுப்பு மட்டும் கிடக்கிறது, போட இடமில்லாமல். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மாதாவே, எனக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பிடிக்காமலே செய்கிறேன். அது கணக்கில் சேருமா என்று எனக்குத் தெரியாது. அவ்வளவுதான் அவளால் செபிக்க முடிந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் சொரூபத்தை முந்தானையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தாள். லைனில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அடுத்து போகவேண்டிய வீட்டுக்காரி கோலம் போட்டுவிட்டு வாசலில் நின்றிருந்தாள். மிக்கேலம்மாள் அங்கே போகாமல் பாவாடையின் வீட்டுக்குள் குனிந்து நுழைந்தாள்.

வீராயி தகரப்பெட்டியைத் துடைத்து அதன்மேல் தன் கூறைப்புடவையை விரித்தாள். சொரூபத்தை அதில் வைத்தார்கள். பாவாடை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து, வேறு ஆள்போல இருந்தான். எழுந்திருக்கப் பார்த்தான்.

"இருங்கண்ணே," என்றாள் அவள். இரு என்ற சொல்லைத் தேடிப் பிடித்துச் சொன்னாள்.

"தங்கச்சி, வந்துட்டியா."

"வந்துட்டேன். சாபம் ஒண்ணும் விடல. எனக்கு ஒங்க மேல ஒண்ணும் இல்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவன் அழவில்லை. அழுவதற்கு அவனிடம் தெம்பு இல்லை. கொஞ்ச நேரம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கறேன் தங்கச்சி. மாமா என்னிக்கும் ஒரு தபாதான் போடுன்னுவாரு. அன்னிக்கு எதுக்கு ரெண்டு தபா சொன்னாரு? படுத்தாலும் அதான், எழுந்தாலும் அதான். எதுக்கு ரெண்டு தபா? உங்க ஊருல அப்பிடிச் சொல்றது உண்டா?"

வீராயி கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றாள். தகரப்பெட்டியின் மேல் மாதா நின்றாள்.

"உண்டு," என்றாள் மிக்கேலம்மாள். "எங்க ஊர்ல எதையும் ரெண்டு தடவதான் சொல்லுவோம். வா வான்னுவோம். போ போன்னுவோம். அவிய வீட்லயும் அப்படித்தான், ஒரு வார்த்தைய ஒரு தடவ சொல்லி நான் கேட்டதில்ல."

"அப்ப போடுன்னுதான் சொன்னாரு?"

"போடுன்னுதான் சொல்லியிருப்பாவ. கல்லு வந்திருச்சின்னு நெனச்சிருப்பாவ. அவசரக்காரர்தான அவிய."

இஞ்ஞாசி ஆயுளில் ஒரு நாளும் அவசரப்பட்டதில்லை. பாவாடைக்கும் அது தெரியும். ஆனாலும் அவன் தலையை ஆட்டினான். வீராயி கிண்ணத்தை வாயில் வைத்தாள். இரண்டு மடக்கு இறங்கியது.

அமலோர்பவம் தாமதமாக வந்தாள். மற்ற இருவரும் கொலை செய்த கை இருக்கிற வீட்டுக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். அவள் வந்ததே மாதாவுக்காக. முழந்தாளிட்டு முதல் பாதியைச் சொன்னாள். மறுபாதி சொல்ல மிக்கேலம்மாள் ஒருத்திதான் இருந்தாள். குரலுக்கு மறைவு இல்லை. பாவாடை கைகூப்பிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த வரி வந்தது. அதில் பொறு என்ற சொல் இரண்டு தடவை வரும். நாங்கள் பொறுக்கிறது ஒரு தடவை, நீர் பொறுக்கவேண்டியது ஒரு தடவை. வடக்கன்குளத்து வாயால், இஞ்ஞாசி சொன்ன அதே வாகில், இவன் முகத்துக்கு எதிரே அதை இரண்டு தடவை சொல்லவேண்டும். சொன்னால் அவன் கண்டுபிடித்துவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. நின்றுவிட்டால் சாபம் என்று நினைப்பான். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு அந்த இரண்டு இடத்திலும் பொறுக்கிறதை மன்னிக்கிறது என்று மாற்றிச் சொன்னாள். செபம் தடுக்காமல் ஓடியது. அமலோர்பவம் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தாள். ஐந்து முறையும் மிக்கேலம்மாள் அப்படியே சொன்னாள்.

மிக்கேலம்மாளின் வீட்டுக்குள் வந்ததும் அமலோர்பவம் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு கத்துக் குடுத்தா உனக்குப் பதிதர் செபம்?" அந்த வரியில் மன்னிக்கிறது என்று சொல்கிறவர்கள் லுத்தரன் கோயிலுக்குப் போகிறவர்கள்; அவர்களை அவள் அப்படித்தான் சொல்வாள்.

"வாய் தவறிருச்சு."

"அஞ்சு தபாவுமா? நேத்து வாய மூடிக்கின. இன்னிக்கு வார்த்தையவே மாத்துற. அந்த ஆளப் பாத்து நம்ப வார்த்தையச் சொல்ல உனக்கு மனசு வரல. அவ்ளோ வன்மம். வாயத் தெறந்து பொறு..."

மிக்கேலம்மாள் அவள் வாயைப் பொத்தினாள். முரட்டுத்தனமாகப் பொத்தினாள். சுவருக்கு மேலே ஒரு முழ இடைவெளி. அமலோர்பவம் கையைத் தட்டிவிட்டாள். உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"உன் கையால மாதாவத் தூக்கவே கூடாது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மிக்கேலம்மாளிடம் பதிலாகச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது அந்தச் சுவரைத் தாண்டக்கூடாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் அமலோர்பவம் வந்து வீராயியிடம் கேட்டுச் சொரூபத்தைத் தானே எடுத்துக்கொண்டு போனாள். எட்டரை மணி பஸ்ஸுக்குப் பாவாடையும் வீராயியும் புறப்பட்டார்கள். இரண்டு மூட்டை, ஒரு தகரப்பெட்டி. பாவாடை கொஞ்சம் நடந்தான், கொஞ்சம் வீராயியின் தோளைப் பிடித்துக்கொண்டான். கான்ட்ராக்ட்காரரின் ஆள் வந்து பக்கத்து வீட்டைப் பூட்டினான். மிக்கேலம்மாள் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். தனகோட்டி விடுப்பு. மத்தியானம் மழை பிடித்தது, மூன்று மணிக்கு வேலையை நிறுத்திவிட்டார்கள். சாயங்காலச் செபம் லைனின் கடைசி வீட்டில் நடந்தது. அவளை யாரும் கூப்பிடவில்லை. அவள் அரிசி களைந்து உலை வைத்தாள்.